அடுப்படி வைத்தியமும் அதன் எல்லையும்

கிராமத்துக் குடும்பம் ஒன்றின் வரவு செலவை எடுத்துப் பார்த்தால், எதிர்பாராத செலவுகளில் முதன்மையானது வியாதியினால் உண்டாகும் செலவேயாகும். கலியாணத்திற்கு நாள் குறிக்கலாம். விதைப்புக்குப் பருவம் உண்டு. நோய்க்கோ நாளும் இல்லை, பருவமும் இல்லை. பயிருக்கென்று சங்கத்தில் வாங்கிய கடன் உரத்திற்குப் போகாமல் மருந்துக்குப் போய்விடுவதும், அதனால் அறுவடைக்குப் பின் தவணை தவறுவதும் எந்தச் சங்கத்தின் நிர்வாகிகளும் அறியாத விஷயமன்று.

இச்செலவு இரண்டு வகைத் தவறுகளால் பெருகுகிறது. வீட்டிலுள்ள அரிசியும், உப்பும், கீரையும் கொண்டு தடுக்கக்கூடிய அல்லது தீர்க்கக்கூடிய கோளாறுகளுக்கு ஊசியும் டானிக்கும் தேடி அலைவது முதல் தவறு. பச்சிலையும் மந்திரமும் ஒருபோதும் தீர்க்கமாட்டாத ஆபத்துக்களுக்கு அவற்றையே நம்பி, உயிர் காக்கும் நேரத்தை வீணாக்குவது இரண்டாவது தவறு. முதல் தவறினால் பணம் போகிறது. இரண்டாவதினால் ஆளே போய்விடுகிறார். “உணவே மருந்து” என்னும் வழக்கு இவ்விரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் மெய்யென்று பகுத்தறிந்துகொள்வது ஒவ்வொரு அங்கத்தினருக்கும் அவசியமாகும்.

அரிசி கற்பித்த பாடம்

ஆகாரக் குறைவே ஒரு வியாதியாகும் என்பதை உலகம் முதன்முதல் தெளிவாக அறிந்தது அரிசியினால்தான். ஜாவாத் தீவில், பட்டேவியா நகரில், ஐக்மன் என்ற டச்சு வைத்தியர் 1890-ஆம் ஆண்டுகளில் பெரிபெரி என்னும் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்நோய் கண்டவர்க்குக் கால்கள் மரத்துத் தளரும். சிலருக்கு உடல் வீங்கி இருதயம் ஓயும். ஆராய்ச்சிச் சாலையிலிருந்த கோழிகளுக்கும் அவ்விதமே கால் தளர்ந்தது. விசாரித்ததில், ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய, நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு சில மாதங்களாக அவற்றிற்குப் போடப்பட்டது தெரிந்தது. புதிதாக வந்த சமையற்காரன் ராணுவத்தின் சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டான். தீட்டாத அரிசி கிடைத்ததும் கோழிகள் தாமே தேறின. பின்னர் ஜாவாவின் சிறைச்சாலைகளில் கணக்கெடுத்தபொழுது, தீட்டிய அரிசி உண்ட கைதிகளில் ஏறக்குறைய 39 பேருக்கு ஒருவர் வீதம் பெரிபெரி கண்டதாகவும், தீட்டாத அரிசி உண்டவர்களில் பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கே கண்டதாகவும் புலப்பட்டது. இவ்வாராய்ச்சிக்காக ஐக்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

அரிசியின் தவிட்டிலும் முளையிலும் தங்கியிருந்து, தீட்டும்பொழுது போய்விடும் அப்பொருள் தையமின் எனப்படும் ஜீவசத்து ஆகும். தென்னிந்தியாவில் இவ்விஷயத்தை ஆராயும் பணி குன்னூரில் நடைபெற்றது. அங்கே நாய்க்கடி விஷத்திற்கு மருந்து தயாரிப்பதற்காக 1907-ல் ஏற்பட்ட பாஸ்டர் நிலையத்தில், 1918-ல் ஓர் அறையில் மக்காரிஸன் என்ற டாக்டர் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவ்வோரறையே வளர்ந்து 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி, 1969 முதல் தேசிய உணவூட்டக் கழகமாக விளங்கி வருகிறது.

குன்னூரில் கண்டறிந்த முக்கியமான செய்தி தமிழ் நாட்டுக் குடியானவர்கள் பெருமைப்படத்தக்கது. பச்சரிசியை ஆலையில் தீட்டி உண்ட ஆந்திரக் கடற்கரை ஜில்லாக்களில் பெரிபெரி மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட பகுதிகளில் அது அரிதாக இருந்தது. காரணம் யாதெனில், நெல்லை ஊறவைத்து அவிக்கும்பொழுது தவிட்டிலும் முளையிலுமுள்ள ஜீவசத்து அரிசியின் உள்ளே இறங்கிப் படிந்துவிடுகிறது; பின்னர்த் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. அந்நிலையத்தார் வெளியிட்ட அட்டவணையின்படி, 100 கிராம் அரிசியில் தையமின் அளவு வருமாறு: ஆலையில் தீட்டிய பச்சரிசி 0.06 மில்லிகிராம், கைக்குத்தல் பச்சரிசி 0.21, ஆலையில் தீட்டிய புழுங்கலரிசி 0.21, கைக்குத்தல் புழுங்கலரிசி 0.27. அதாவது, உலக்கை செய்த வேலையை அவியலும் ஏறக்குறைய செய்துவிடுகிறது. 1934-ல் வார்தாவில் ஏற்பட்ட அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தார் கைக்குத்தல் அரிசிக்காகப் பிரசாரம் செய்ததற்கும் இதுவே ஆதாரமாயிற்று.

ஆயினும் அரிசியில் உள்ளதெல்லாம் வாயில் வந்து சேருவதில்லை. பலமுறை தேய்த்துக் கழுவும் நீரிலும், வடித்துக் கொட்டும் கஞ்சியிலும் இந்த ஜீவசத்தில் கணிசமான பங்கு கரைந்து போகிறது. ஆகையால் அரிசியை ஒன்றிரண்டு முறை மட்டும் கழுவுவதும், வடிகஞ்சியை உப்பிட்டுப் பருகுவதும், பழைய சோற்றின் நீராகாரத்தைக் கொட்டாமல் குடிப்பதும் வெறும் சிக்கனமல்ல, சத்துச் சேமிப்புமாகும். இத்துடன் பருப்பும் நிலக்கடலையும் சேர்ந்தால் பெரிபெரி அண்டாது. ஆனால் நோய் முற்றி மூச்சுத் திணறலோ, கைக்குழந்தைக்குக் குரல் கம்மி உடல் வீக்கமோ கண்டுவிட்டால், கைக்குத்தல் அரிசியால் அதைத் தீர்க்கக் காலம் போதாது. ஊசி மூலம் தையமின் செலுத்துவதே உயிர் காக்கும். தடுப்பது உணவின் தொழில்; முற்றியதைத் தீர்ப்பது மருந்தின் தொழில்.

கேழ்வரகு, கீரை, நெல்லி

கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் உள்ளது. அதே அளவு தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உண்டு. பால் வாங்க வசதியில்லாத வீட்டில் வளரும் பிள்ளைகளின் எலும்புக்கும் பல்லுக்கும் கேழ்வரகுக் களியும் கூழும் பெருந்துணையாகும். 2023-ல் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களில் நியாய விலைக் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது இதை உத்தேசித்தேயாகும். ஆனால், கேழ்வரகோ கம்போ உண்டால் நீரிழிவு போய்விடும் என்று சிலர் நம்புவது சரியன்று. அவையும் மாவுப் பண்டங்களே. அளவு மீறினால் அவையும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவது கெடுதல். இன்சுலின் ஊசியாலேயே உயிர் வாழும் பிள்ளைக்கு அதை நிறுத்துவதோ சில நாட்களில் மரணத்தை வருவிக்கும்.

முருங்கைக் கீரையிலும் அகத்திக் கீரையிலும் ஏ ஜீவசத்தாக மாறும் பொருள் நிறைந்துள்ளது. இச்சத்துக் குறைந்தால் முதலில் மாலைக்கண் உண்டாகும். பிறகு கருவிழி வறண்டு, வெளுத்து, நிரந்தரக் குருடாக முடியும். வேலியோரத்து முருங்கை இருக்கக் குழந்தை குருடாவது எவ்வளவு பரிதாபம் என்று சொல்ல வேண்டுவதில்லை. இக்கீரையைச் சமைக்கும்பொழுது ஒரு கரண்டி எண்ணெய் சேர்ப்பது அவசியம். கொழுப்பின் துணையின்றி இச்சத்து உடலில் நன்கு சேராது. இங்கும் எல்லை உண்டு. மாலைக்கண் கண்ட குழந்தைக்கும், மணல்வாரி அம்மை கண்ட குழந்தைக்கும் கீரை மட்டும் போதாது. ஏ ஜீவசத்துத் திரவத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தாமதமின்றிக் கொடுக்கச் செய்தல் வேண்டும். ஒன்பதாம் மாதம் முதல் ஐந்து வயது வரையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கே இலவசமாகக் கொடுக்கப்படுவதும் இதுவே.

நெல்லிக்கனி, சி ஜீவசத்தில் எலுமிச்சையை வெகுதூரம் மிஞ்சியது. 1939-40-ல் பஞ்சாபில் ஹிஸ்ஸார் பஞ்சத்தின்போது ஈறுகளில் இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய்க்கு நெல்லி கொடுத்துப் பயன் கண்டார்கள். அன்றியும், கீரையிலும் தானியத்திலுமுள்ள இரும்புச் சத்து எளிதில் உடலில் சேராது. அவ்வுணவுடன் நெல்லியோ எலுமிச்சையோ சேர்த்தால் அதிகமாகச் சேரும். சாப்பாட்டுடன் தேநீர் பருகினால் குறையும். கர்ப்பிணிகளின் சோகைக்கு ஆகாரம் மாத்திரம் போதாதென்பதும் அனுபவத்தில் கண்டதே. 1928-ல் பம்பாய்க்கு வந்து ஆலைத் தொழிலாளர் குடும்பத்துக் கர்ப்பிணிகளை ஆராய்ந்த லூஸி வில்ஸ் என்ற பெண் வைத்தியர், ஈஸ்ட் சாற்றினால் ஒருவகைச் சோகை தீருவதைக் கண்டார். அதிலிருந்த சத்து பின்னர்ப் போலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. அதனையும் இரும்பையும் சேர்த்துச் செய்த மாத்திரைதான் இன்று கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. உணவில் கண்ட சத்தே மாத்திரையாக வருகிறது என்று அறிந்தால், அதை வாங்கி ஒளித்துவைக்கும் வழக்கம் ஒழியும்.

பேதிக்குக் கஞ்சி

அடுப்படியிலேயே உண்மையான மருந்து தயாராகும் வியாதி ஒன்று உண்டானால், அது குழந்தைகளின் பேதியாகும். பேதியில் பெரும்பாலும் குழந்தையைக் கொல்லுவது கிருமியன்று. உடலிலிருந்து நீரும் உப்பும் போய்விடுவதேயாம். போன நீரையும் உப்பையும் திரும்பக் கொடுத்தால் குழந்தை பிழைக்கிறது. நீர் மட்டும் கொடுத்தால் குடல் அதைச் சரிவர ஏற்பதில்லை. உப்புடன் சர்க்கரையோ கஞ்சியின் மாவோ சேர்ந்தால் சர்க்கரை உப்பை இழுத்துக்கொண்டு போக, உப்பு நீரை இழுத்துக்கொண்டு போகிறது.

1953-ல் கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற வைத்தியர் வாந்திபேதி கண்டவர்களுக்கு உப்பும் குளுக்கோசும் கரைத்த நீரை வாய்வழியே கொடுத்து வெற்றி கண்டார். அவர் அத்துடன் உபயோகித்தவற்றில் தமிழ் வீடுகளில் வளரும் கற்பூரவல்லியின் இலைச்சாறும் ஒன்று. 1971-ல் வங்காளதேச அகதிகள் வனகாவ் முகாமில் வாந்திபேதியால் மடிந்துகொண்டிருந்தபொழுது, நரம்பு வழியே ஏற்றும் நீர் தீர்ந்துபோகவே, திலீப் மகலனாபிஸ் என்ற வைத்தியர் பீப்பாய்களில் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை நிரப்பிவைத்து, உறவினர்களைக் கொண்டே நோயாளிகளுக்குப் புகட்டச் செய்தார். முன்பு நூற்றுக்கு 30 வரை இருந்த மரணம் நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது. டாக்டர்கள் செய்ததை அங்கே தாய்மார்கள் செய்தனர்.

செய்முறை எளிது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை அதில் குறித்த அளவு நீரில் கரைப்பது முதல் தரமானது. பொட்டலம் கைக்கு எட்டாதபொழுது, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்க வேண்டும். உப்பு இதற்குமேல் கூடுதல் ஆபத்து. வாயில் விட்டுப் பார்த்தால் கண்ணீரைவிடக் கரிக்கலாகாது. ஒவ்வொரு முறை பேதியான பின்பும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டரும், அதற்கு மேற்பட்டதற்கு 100 முதல் 200 மில்லிலிட்டரும் சிறிது சிறிதாகப் புகட்டலாம். வாந்தியெடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடியும் தரலாம். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும், உப்பிட்ட நீர்மோரும் நல்லவையே. இளநீரில் உப்புச் சத்துக் குறைவாதலால் கடும் பேதியில் அதனை மட்டும் நம்பலாகாது. இத்துடன் நாகச்சத்து மாத்திரையைச் சுகாதார நிலையத்தார் சொல்லுகிறபடி 14 நாள் கொடுத்தால் பேதி சீக்கிரம் குறைவதுடன், மீண்டும் வருவதும் தணிகிறது.

இங்கே பழைய வழக்கங்களில் தள்ளவேண்டியது எது என்றும் சொல்லவேண்டும். “லங்கணம் பரம ஔஷதம்” என்ற வசனம் அஜீரணம் கண்ட பெரியவருக்குப் பொருந்தலாம். பேதி கண்ட குழந்தைக்கு அது விஷம். தாய்ப்பாலை நிறுத்துவதும், மாந்தமென்று வயிற்றில் சூடிடுவதும், உச்சிக்குழி விழுந்ததென்று எண்ணெய் வைத்துக் காத்திருப்பதும் பெருங் கேடு. உச்சிக்குழி உள்ளிறங்குவது நீர் வற்றியதன் அடையாளமேயன்றி வேறன்று. கண் குழிதல், சிறுநீர் போகாமை, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகவே படிதல், குழந்தை துவண்டு குடிக்கமாட்டாமை, மலத்தில் இரத்தம் இவற்றுள் ஒன்று கண்டாலும், வழியெல்லாம் நீரைப் புகட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும்.

இருமலும் க்ஷயமும்

தூதுவளை, ஆடாதோடை, துளசி, மிளகு, மஞ்சள் போட்ட பால் ஆகியவை சாதாரண இருமலுக்கும் ஜலதோஷத்திற்கும் இதம் தருகின்றன. ஆடாதோடையிலுள்ள பொருளை முன்மாதிரியாகக் கொண்டே புரோம்ஹெக்ஸின் என்ற கோழையிளக்கும் மருந்து செய்யப்பட்டது. எனினும் கர்ப்பிணிகள் ஆடாதோடையை உட்கொள்ளலாகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாகாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் விஷம் சிசுவின் தசைகளை முடக்கிவிடும். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் பெற்றிருப்பினும் வசம்பை உரைத்துச் சிசுவின் நாவில் தடவுவதும் விலக்கத்தக்கது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும்.

இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் கஷாயத்தை நிறுத்திவிட்டுச் சளியைச் சோதிக்கவேண்டும். அது க்ஷயரோகமாக இருக்கலாம். ஆகாரத்திற்கும் மருந்துக்குமுள்ள உறவை க்ஷயரோகத்தைப்போல் தெளிவாக விளக்கும் வியாதி வேறில்லை. ஒரு காலத்தில் மலைச்சாரல் காற்றும், முட்டையும், பாலும், ஓய்வுமே இதற்குச் சிகிச்சை என்று எண்ணப்பட்டது. 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சியில், நோயாளிகளில் ஒரு பாதியரைச் சானடோரியத்தில் நல்ல ஆகாரத்துடனும் ஓய்வுடனும் வைத்தும், மறுபாதியரை அவரவர் ஏழைக் குடிசைகளிலேயே விட்டும், இருசாராருக்கும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் இருசாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர்; வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்குத் தொற்றுதலும் அதிகமாகவில்லை. க்ஷயத்தைத் தீர்த்தது ஆகாரமன்று, மருந்தே என்பது இதனால் நிச்சயமாயிற்று. 1959-ல் வெளியான இம்முடிவு உலகெங்கும் க்ஷயரோகச் சிகிச்சையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது.

அப்படியானால் ஆகாரத்திற்கு வேலையில்லையோ எனில், உண்டு. ஜார்க்கண்டு மாகாணத்தில் நடந்து 2023-ல் வெளியான ஆராய்ச்சியில், க்ஷயரோகிகளின் குடும்பத்தாரில் ஒரு பகுதியினருக்கு மாதந்தோறும் அரிசியும், பருப்பும், நுண்சத்து மாத்திரையும் கொடுக்கப்பட்டன. அவ்வீடுகளில் புதிதாகக் க்ஷயம் காணுதல் மற்ற வீடுகளைவிட நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. பிடித்த நோயைத் தீர்ப்பது மருந்து. பிடிக்காமல் காப்பது பருப்பு. சர்க்கார் மருந்து இலவசம். ஆறு மாதம் ஒரு வேளையும் விடாமல் உட்கொள்ளுதல் வேண்டும்.

காமாலையும் கீழாநெல்லியும்

காமாலைக்குக் கீழாநெல்லி என்பது தமிழ் நாட்டில் சிறு பிள்ளைகளும் அறிந்த வைத்தியம். இதனால் குணமானவர்களை எவரும் காட்டக்கூடும். ஆனால் அசுத்த நீரால் வரும் காமாலை, இலை தின்றாலும் தின்னாவிட்டாலும் பெரும்பான்மையோர்க்குச் சில வாரங்களில் தானே தணிந்துவிடும் தன்மையது. தானே தணியும் நோயில் எந்த மருந்தும் வெற்றி பெற்றதாகவே தோன்றும். எனவேதான் மருந்து கொடுத்தவரையும் கொடாதவரையும் ஒப்பிட்டுப் பார்த்தல் அவசியமாகிறது.

கீழாநெல்லிக்கு அத்தகைய சோதனையும் நடந்திருக்கிறது. இரத்தத்தில் பி வகைக் காமாலைக் கிருமியைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேருக்கு அக்கிருமியின் அடையாளம் மறைந்ததாகவும், வெறும் பொடி பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்ததாகவும் சென்னை ஆராய்ச்சியாளர்கள் 1988-ல் வெளியிட்டார்கள். உலகமெங்கும் நம்பிக்கை எழுந்தது. ஆனால் பிற இடங்களில் அவ்விதமே செய்து பார்த்தவர்களுக்கு அப்பலன் கிட்டவில்லை. ஆகவே கீழாநெல்லியை வீண் என்று ஏளனம் செய்யவும் வேண்டாம். அதையே அரணாகக் கொள்ளவும் வேண்டாம். பி வகைக் காமாலைக்கு நிச்சயமான அரண், குழந்தை பிறந்தவுடன் போடப்படும் தடுப்பூசியாகும். காமாலையுடன் மயக்கம், இரத்தக் கசிவு, கடும் ஜுரம், வயிற்று வலி கண்டாலும், கர்ப்பிணிக்குக் காமாலை கண்டாலும், பிறந்த குழந்தை கைகால் வரையில் மஞ்சளித்தாலும் ஒருநாளும் தாமதிக்கலாகாது.

இலை செல்லாத இடங்கள்

பாம்புக்கடியிலும் இதே மயக்கம் நேருகிறது. கடிக்கும் பாம்புகளில் பல விஷமற்றவை. விஷப்பாம்பும் சில வேளைகளில் விஷத்தைச் செலுத்தாமலே கடிக்கிறது. அவ்வேளைகளில் வேரும் மந்திரமும் பெயர் வாங்கிக்கொள்ளுகின்றன. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷம் உண்மையில் ஏறியபின் அதை முறிப்பது, ஆஸ்பத்திரியில் ஏற்றும் விஷமுறிவு ஊசி ஒன்றே. இறுகக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல், மிளகாயும் வேப்பிலையும் தின்னக் கொடுத்துப் பரீட்சித்தல் யாவும் தவறு. கடிபட்ட அவயவத்தை அசைக்காமல் வைத்து, நோயாளியை நடக்கவிடாமல் வண்டியில் கொண்டுபோக வேண்டும். கட்டுவிரியன் இரவில் தூங்குகிறவனைக் கடிக்கும். வலியும் வீக்கமும் இராது. விடியற்காலை வயிற்று வலியும் இமை தொங்குதலும் கண்டால் அதையே சந்தேகிக்க வேண்டும்.

இந்த ஊசி எங்கிருந்து வருகிறது என்பது கூட்டுறவாளர் அறியத்தக்கது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் ஒன்று 1978-ல் ஏற்பட்டது. பாம்புத் தோல் வியாபாரம் சட்டத்தால் தடைப்பட்டுப் பிழைப்பிழந்த இருளர்கள், தம் முன்னோரிடமிருந்து கற்ற தடம் பார்க்கும் அறிவைக் கொண்டு பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துச் சங்கத்தின் மூலம் விற்று, பாம்பைச் சில வாரங்களில் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்நாட்டில் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும் பங்கு இச்சங்கத்தினுடையது. பரம்பரை அறிவும் புது வைத்தியமும் ஒன்றையொன்று தள்ளாமல் சேர்ந்து உயிர் காப்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் காண்பது அரிது.

நாய்க்கடியில் விட்டுக்கொடுக்க இடமேயில்லை. வெறிநோய் வெளிப்பட்டபின் பிழைத்தவர் உலகிலேயே மிகச் சிலர். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதையும் அப்பாமல், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிஷம் காயத்தைக் கழுவி, அன்றே தடுப்பூசி தொடங்கிக் குறித்த நாட்களில் முழுவதும் போட்டுக்கொள்ள வேண்டும். காயம் ஆழமாயின் அதிலேயே போடும் மற்றொரு மருந்தும் உண்டு. குன்னூரில் ஒரே கட்டடத்தில் ஓர் அறையில் அரிசியின் சத்தையும் மற்ற அறைகளில் நாய்க்கடி மருந்தையும் கவனித்தது தற்செயலாயினும், அது கற்பிக்கும் பாடம் பெரிது: அரிசி செய்யும் வேலையை ஊசி செய்யாது, ஊசி செய்யும் வேலையை அரிசி செய்யாது.

நாட்டு மருந்து வாங்குவோர் மற்றொன்றையும் கவனித்தல் நலம். பெயரும் தயாரித்த இடமும் இல்லாத பொட்டலங்களில் ஈயமும் பாதரசமும் அளவுக்கு மீறி இருந்து சிறுநீரகத்தைக் கெடுப்பதுண்டு. சித்த வைத்தியம் முறையாய்ப் பயின்று பதிவு பெற்றவரிடமே செல்லவேண்டும். மருந்தின் உறையில் லைசென்சு எண், செய்த தேதி, சேர்ந்த சரக்குகள் இவை இருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். இந்திய வைத்தியர்களே சேர்ந்து 1944-ல் சென்னையில் கூட்டுறவு மருந்து உற்பத்திச் சாலையும் பண்டகசாலையும் ஏற்படுத்தியது இக்கலப்படத்திற்கு ஒரு பரிகாரமாகவே ஆகும்.

சங்கம் செய்யத்தக்கவை

இவையனைத்தும் தனித்தனி வீட்டில் நடைபெறுவது கடினம். சங்கத்தின் மூலம் எளிது. சங்கத்தின் பண்டகசாலையில் புழுங்கலரிசி, கேழ்வரகு, பருப்பு, நிலக்கடலை இவற்றை நியாயமான விலையில் வைத்து விற்கலாம். முருங்கை, அகத்தி, நெல்லி இவற்றின் கன்றுகளையும் போத்துக்களையும் மழைக் காலத்துக்கு முன் அங்கத்தினர்க்கு வழங்கலாம். பேதிக்கான பொட்டலங்களை எந்த நேரத்திலும் பெறுமாறு காரியதரிசியின் வீட்டிலோ அங்கன்வாடியிலோ வைக்கலாம். கிராம சுகாதார செவிலியரை ஆண்டுக்கு இருமுறையேனும் பொதுக் கூட்டத்துக்கு அழைத்து, உப்புச் சர்க்கரை நீர் கரைக்கும் முறையைத் தாய்மார்களுக்குச் செய்து காட்டச் சொல்லலாம். உபவிதிகள் இடங்கொடுக்கும் அளவில், இரவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் செலவுக்கென ஒரு சிறு நிதி ஒதுக்கலாம். சங்கக் கட்டடத்தின் சுவரில், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயர், பாம்புக்கடி மருந்து கிடைக்கும் ஆஸ்பத்திரி, 108 என்ற இலவச வண்டியின் எண் இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிவைக்கலாம். இதற்கு ஒரு டப்பி சாயம் போதும்.

நோய் வந்த வீட்டில் மூன்று கேள்விகள் எழவேண்டும். இது ஆகாரக் குறைவால் வந்ததா? ஆயின் ஆகாரத்தைத் திருத்துக. இது தானே தணியும் சிறு கோளாறா? ஆயின் கஞ்சியும் கஷாயமும் இதம் தரட்டும். இது நேரம் தவறினால் உயிர் போகும் ஆபத்தா? ஆயின் அடுப்பை அணைத்துவிட்டு வண்டியைக் கூப்பிடுக. இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிந்த குடும்பத்தில் மருந்துச் செலவும் குறையும், சங்கத்துக் கடனும் வயலுக்கே போகும், தொட்டிலும் வெறுமையாகாது.